வலப்பக்க நாற்காலி

மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சரிதான், இசைத்தாள் பறக்குமே, எனக்குத் தெரியாதா, வேப்பேரி வீட்டில் துணி காயப்போடும் கிளிப்பால் தாள்களைக் கவ்வவைத்து வாசித்தவள்தானே நானும். ஆனால் அயர்லாந்திலிருந்து வந்த இந்த நாலு பேருக்கும் சென்னை வேர்வை என்னவென்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், உடம்பை மூடின கறுப்புச் சட்டை வேறு. ஒவ்வொரு விசிறியாக ஓய்ந்து, கடைசி விசிறி மட்டும் மனசில்லாமல் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றதும் மண்டபத்தில் அமைதி இறங்கியது, அந்த அமைதிக்குள்ளே, வந்துவிட்டது, என் வலது காதுக் கொசு. கொசு என்றுதான் நான் பேர் வைத்திருக்கிறேன். டாக்டர் வேறு பேர் சொன்னார், நீளமான பேர், அதை மனப்பாடம் செய்ய எனக்கு விருப்பமில்லை. கேட்கும் நரம்பை ஒட்டி ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு, சாதுவான கட்டி, இப்போதைக்கு உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் மூளைப் பக்கம் வளர்கிறது, எடுத்தாகணும், எடுக்கும்போது அந்தக் காதில் கேட்பது போய்விடும். சாதுவானதாம். சாதுவானது எதற்கு ஒரு காதையே தூக்கிக்கொண்டு போகிறது? நான் வயோலா வாசிக்கிறவள் என்று அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், உடனே முகம் மலர்ந்து, "பீத்தோவனுக்கு ரெண்டு காதுமே கேட்காதும்மா" என்றார். கைப்பையால் ஒரு போடு போடலாமா என்றிருந்தது. காது போகிறவர்கள் எல்லோருக்கும் சொல்ல இந்த ஒரு ஆறுதலைத்தான் உலகம் கைவசம் வைத்திருக்கிறது. நல்லவேளை இன்றைக்குப் பீத்தோவன் இல்லை. ஹைடன், ஷூபர்ட், நடுவில் ரெண்டு புது ஐரிஷ் இசை என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருக்கிறது, அந்தத் தாளால்தான் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். இன்று சனிக்கிழமை. திங்கள் அட்மிஷன், செவ்வாய் காலையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு வலது காது தோடு மாட்டிக்கொள்ள மட்டும்தான்.

"செலோக்காரன் காலைப் பாரு. ஒரு சாக்ஸ் நீலம், ஒண்ணு கறுப்பு." வலது காதில் இவர். ஷ்ஷ் என்றேன். என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், இசைக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம், ஆனாலும் எந்தக் கச்சேரிக்கும் என்னைத் தனியாக விட்டதில்லை. வந்து என் வலப்பக்கம் உட்காருவார், முதல் பாட்டு முடிவதற்குள் காதருகே குனிந்து ஆரம்பித்துவிடுவார். மேடையில் யாருக்குத் தூக்கம் வருகிறது, எந்த விளக்கு மினுக்குகிறது, எதிர் வரிசையில் யார் யாரோடு பேசுவதில்லை. கோயிலிலும் இதே கதைதான். மகள் கல்யாணத்தில் ஆயர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது, "ஒரே பக்கத்தை ரெண்டாந்தடவை படிக்கிறார், யாராவது சொல்லுங்கப்பா" என்றார், நான் மணப்பெண்ணின் தாயாராக முன் வரிசையில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். என் அம்மாவை அடக்கம் செய்த அன்று, பெட்டியை மூடப் போகிற நேரத்தில், "அத்தைக்கு இந்தப் புடவை பிடிக்காதே, யாரு எடுத்துக் குடுத்தா" என்றார், அத்தனை அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மாவுக்கு நிஜமாகவே பிடிக்காத புடவைதான் அது. எழும்பூரில் இந்த மாதிரி தண்டவாளத்தை ஒட்டின மண்டபமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஹார்ன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லுவார். நான் கேட்கமாட்டேன், அவராகவே சொல்லுவார். டாக்டர் அறையில் மட்டும் வாயே திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டோவில் வரும்போது, "அந்த லிஃப்ட் மணி இருக்கே, அது வேலைக்கு ஆகாது, சத்தமே பத்தலை" என்றார், அவ்வளவுதான். மகளிடம் போனில், "சின்ன ஆபரேஷன்மா, உங்கம்மாவைப் பத்தித் தெரியாதா, ரெண்டு நாள்ல எழுந்து எங்களை விரட்டுவா" என்றார். சின்ன ஆபரேஷனா? இவருக்குப் புரிந்ததா இல்லையா? எனக்கு நேராகக் கேட்கவும் பயமாக இருக்கிறது. நான் எப்போதும் இடப்புறம் ஒருக்களித்துத்தான் படுப்பேன், இடது காது தலையணைக்குள் போய்விடும், மேலே இருக்கிற வலது காதில்தான் இவருடைய அன்றைய பேச்சின் மிச்சமெல்லாம் விழும். செவ்வாய்க்குப் பிறகு அப்படிப் படுத்தால் எனக்கு ஒன்றும் கேட்காது. புரண்டு படு என்று யாரும் சொல்லலாம். இத்தனை வருஷப் பழக்கத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் புரள்வது.

ஹைடன். ஆ, என்ன சுத்தமாக எடுத்தார்கள். முதல் வயலின் இடது ஓரத்தில், அப்புறம் இரண்டாம் வயலின், வயோலா, வலது ஓரத்தில் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற செலோ, அந்தக் காலத்தில் நாங்கள் நாலு பேரும் இதே வரிசையில்தான் உட்காருவோம். கண்ணை மூடிக்கொண்டாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டலாம், இப்போது, இன்றைக்கு, காட்டலாம். எங்களில் முதல் வயலின் வயலட், இரண்டாவது அவள் தங்கை கிறிஸ்டபெல், அக்காவும் தங்கையும் வீட்டில் போட்ட சண்டையின் மிச்சத்தை வயலினில் போட்டு முடிப்பார்கள். செலோ ராபின்சன் அண்ணன். அவருடைய வீட்டு முன்னறையில்தான் சனிக்கிழமை தவறாமல் கூடுவோம், அண்ணி இஞ்சி தட்டிப்போட்ட டீ கொண்டுவந்து வைப்பார், ஆறிப் போய் ஆடை கட்டினபிறகுதான் குடிப்போம். வயோலா, வயலினுக்கு அக்கா மாதிரி, கொஞ்சம் பெரிசு, இடது தோளில் உட்காருகிற வாத்தியம். வாசிக்கிறவளின் இடது காதில் அவளுடைய சத்தம்தான் முழுக்க, நரநரவென்று வில் உரசுவதுகூடக் கேட்கும். மற்ற மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேட்க வலது காதைத்தான் தீட்டி வைத்திருக்க வேண்டும். ராபின்சன் அண்ணன் எனக்கு இடப்புறம் உட்கார்ந்திருந்தாலும் அவரையும் நான் வலது காதால்தான் பிடித்தேன், அறையின் எதிர்ச் சுவரில் பட்டு வருகிற செலோவை. இடது காது எனக்கு, வலது காது மற்றவர்களுக்கு. நான்கு பேர் வாசிப்பில் இதுதான் பாதி வித்தை, தன்னைக் குறைத்துக் கேட்டு மற்றவர்களைக் கூட்டிக் கேட்பது, அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, காதாகவே பழகிக்கொண்டது. இப்போது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகப்போவது அந்தக் காதைத்தான். என்னை மட்டும் கேட்டுப் பழகினதை விட்டுவைக்கிறார்கள். யாராவது என்னைக் கேட்டிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

மெதுவான பகுதி வந்துவிட்டது. கடவுளே, இது அதுதான், நாங்கள் வாசித்தது, முதல் சுரத்திலேயே வயிற்றுக்குள் தெரிந்துவிட்டது. இதோ செலோ இறங்குகிறது, வயலின்கள் இரண்டும் ஒதுங்கி வழிவிடுகின்றன, இனி வயோலா, என் இடம், இடது கை விரல்கள் புடவைத் தலைப்பின் மேல் தானாக அழுந்துகின்றன, இங்கே மேலே ஏறி, ஒரு நொடி நின்று, திரும்பி இறங்கி. தப்பு! அந்த வயோலாக்காரி தப்பாக வாசிக்கிறாள்! ஏறவே இல்லை, கீழேயே நின்றுகொண்டு ஒரே சுரத்தை நீட்டுகிறாள், இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து இப்படியா என்று இவர் முழங்காலை இறுக்கிப் பிடித்துவிட்டேன். "என்ன, வலிக்குதா?" இவர் குரல் அப்படி ஒரு வேகத்தில் வந்தது. "டாக்டருக்குப் போன் போடவா? வெளியே போலாமா?" இல்லையென்று தலையாட்டினேன். அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. தப்பு அவளுடையது இல்லை. எங்களுடைய வயோலா தாளின் கடைசி வரியைப் பூச்சி அரித்திருந்தது. யாரோ ஒரு பழைய மிஷனரி அம்மாவின் அலமாரியிலிருந்து வந்த தாள் அது, ஓரமெல்லாம் சல்லடை. அந்தக் காலத்தில் இன்னொரு பிரதிக்கு எங்கே போவது, இந்த ஊரில் அதைக் கேட்டால் கடைக்காரர் ஹார்மோனியம் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். ராபின்சன் அண்ணன் ஒரு வாரம் யோசித்து, பென்சிலால் அந்த இடத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். "ஹைடன் இங்க என்ன நெனச்சிருப்பார்னு எனக்குத் தெரியாது. நீ வாசிச்சா நல்லா இருக்கும்னு தோணுனதை எழுதியிருக்கேன் பியூலா." அந்த ஏற்றமும் அந்த நொடி நிற்பதும் அவருடையது. வருஷக்கணக்கில் அதையே வாசித்து, அதுதான் ஹைடன் என்று மனசில் உட்கார்ந்துவிட்டது, கோயில் ஆண்டுவிழாவில் வாசித்தபோது ஜெர்மனியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் அந்த இடத்தில் மட்டும் தலையை ஒரு மாதிரி சாய்த்தார், நாங்கள் அவர் ரசிக்கிறார் என்று நினைத்தோம். வயலட்டும் கிறிஸ்டபெல்லும் மெல்போர்னில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதில்லை. ராபின்சன் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அரித்த இடத்தில் அவர் எழுதினது என்னிடம் இருக்கிறது, இதோ, இந்த வயோலாக்காரி வாசிக்கிற சரியான ஹைடனைவிட எனக்கு அதுதான் நன்றாக இருக்கிறது. கண் கரிக்கிறது. கைக்குட்டையை எடுத்தால் இவர் மறுபடியும் டாக்டர் என்பார்.

கை தட்டுகிறார்கள், இன்னும் பகுதிகள் பாக்கியிருக்கும்போதே. தட்டாதவர்கள் தட்டுகிறவர்களைத் திரும்பி முறைக்கிறார்கள். எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் எரிச்சல். ஹைடன் முடிந்ததும் இரண்டாம் வயலின்காரர் எழுந்து, "வணக்கம், நன்றி" என்று பழகிவைத்ததைச் சொன்னார், அதற்கு ஹைடனைவிட அதிகக் கைதட்டல். அடுத்தது அவர்கள் ஊரில் சமீபத்தில் எழுதப்பட்ட இசையாம், எழுதின பெண்மணி மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர்க்காரர், அங்கே ஆட்டத்துக்கு வாசிக்கிற மெட்டுகளை எடுத்துப் பிரித்துப் பின்னியிருக்கிறாராம். வயோலாவும் செலோவும் ஒரே சுரத்தைப் பிடித்து நீட்ட ஆரம்பித்தார்கள், உடனே மண்டபத்தில் பாதித் தலைகள் ஆடின, ஆ, சுருதி. அதன் மேல் வயலின் குதித்துக் குதித்து வந்தது, எனக்கு முன்னால் விபூதிப் பட்டையோடு உட்கார்ந்திருந்த மாமா ஒருவர் சந்தோஷமாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். போட்டார், போட்டார், திடீரென்று இசையை எழுதின பெண்மணி ஒரு எண்ணிக்கையைத் தின்றுவிட்டார், மாமாவின் கை இறங்க வந்த இடத்தில் தாளம் இல்லை. அந்தரத்தில் நின்ற கையை அவரே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடியும் பிடித்தார், மறுபடியும் தின்றுவிட்டார்கள். "மாமா பஸ்ஸைத் தவறவிட்டார்" என்றார் இவர் காதில். ஷ்ஷ். "இப்ப ஓடுறார் பாரு பின்னாலயே." ஷ்ஷ்ஷ், சும்மா இருங்க. தூரத்தில் ஹார்ன். "எலெக்ட்ரிக். தாம்பரம் போறது." எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது, நல்ல இசைதான் அது, உடம்பைக் கிளப்பிவிடுகிற இசை, ஆனால் அதைப் பற்றி நாளைக்கு யாராவது கேட்டால் மாமாவும் பஸ்ஸும்தான் ஞாபகம் வரும் எனக்கு. என் வாழ்க்கையில் நான் கேட்ட கச்சேரிகள் எல்லாமே இப்படித்தான், பாதி மேடையிலிருந்து வந்தது, பாதி வலப்பக்கத்திலிருந்து. பிரித்தெடுக்க முடியாதபடி.

இடைவேளை. விசிறிகளைப் போட்டுவிட்டார்கள், எல்லோரும் அதற்கும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். "டீ வாங்கிட்டு வரேன், உனக்கு சர்க்கரை கம்மி" என்று இவர் போய்விட்டார். வலப்பக்க நாற்காலி காலி, நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் பள்ளிக்கூடத்தின் பேர் வெள்ளைப் பெயிண்டில். இடப்பக்க நாற்காலியில் என் கைப்பை. முதல் நாளும் இந்தப் பக்கம்தான் உட்கார்ந்தார். பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வந்தது ஒரு சனிக்கிழமை, நான் வாசிப்பை விட்டு வரமாட்டேன் என்று அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு ராபின்சன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன், பின்னாலேயே மாப்பிள்ளையை மட்டும் அங்கே அனுப்பிவிட்டார் அம்மா. எண்ணெய் வைத்து வாரின தலை, கையில் ஒரு பெட்டி லட்டு, எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றார். ராபின்சன் அண்ணனுக்குக் குறும்பு. "தம்பி, சும்மா நிக்காதீங்க, பியூலாவுக்குப் பக்கம் திருப்பி விடுங்க" என்று என் வலப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டார். இவருக்கு இசை எழுத்து படிக்கத் தெரியாது. நான் தலையசைத்தால் திருப்புங்கள் என்றேன். சிக்னல் பிரிவுக்காரர் அல்லவா, சிக்னல் கிடைத்தால் போதும் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு பேர் வாசிப்பில் ஒருவருக்கொருவர் தலையசைத்துத்தான் ஆரம்பிப்போம், அது இவருக்கு எப்படித் தெரியும். நான் ராபின்சன் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தேன், செலோ நுழையட்டும் என்று. இவர் டக்கென்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். கிளிப் தெறித்து வயலட்டின் மடியில் போய் விழுந்தது. வாசிப்பு நின்றது. எல்லோரும் இவரைப் பார்த்தோம். காதெல்லாம் சிவந்துபோய், என் பக்கம் குனிந்து, "மன்னிச்சிருங்க, பழையபடி திருப்பி வெச்சுரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். வலது காதில் விழுந்த முதல் வார்த்தைகள். அன்றைக்கு நான் ஷ்ஷ் சொல்லவில்லை, சிரித்து முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன், அம்மா, பையனிடம் என்ன பேசினாய் என்று கேட்டார், ஒன்றும் பேசவில்லை என்றேன்.

இஞ்சி டீ வந்தது, காகிதக் கப், ஒரு சமோசாவும். இவர் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று எதையோ யோசித்தார். பிறகு என் இடப்பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்து வலப்பக்க நாற்காலியில் வைத்துவிட்டு, சுற்றி வந்து, இடப்பக்கம் உட்கார்ந்தார். "ஏன் இந்தப் பக்கம்?" என்றேன். டீயை ஊதினார். "சும்மாதான்." "என்னங்க." "இல்ல பியூலா, பழகிக்கலாம்னு." கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்த்தார், மேடையில் யாரும் இல்லை. "டாக்டர் சொன்னாரில்ல. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் எப்படியும் நான் இந்தப் பக்கம்தான் உட்காரணும். வீட்லயும் கட்டிலைத் திருப்பிப் போட்டுரலாம்னு பாத்தேன். ஜன்னல் இடிக்குது. அளந்து பாத்துட்டேன்." இவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்லணும். நான் தூங்கும்போது எழுந்து கட்டிலை அளந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாற்காலியிலிருந்து கட்டில்வரை என் இடப்பக்கத்தை ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறார், நான்தான் லிஃப்ட் மணியைப் பற்றிப் பேசினாரே என்று கோபித்துக்கொண்டு வந்தேன். "டீ ஆறுது, குடி" என்றார். குடித்தேன். சர்க்கரையே இல்லை.

மறுபடியும் விசிறிகள் நின்றன. இரண்டாவது ஐரிஷ் இசைக்கு யாரும் மேடையில் உட்காரவில்லை. செலோக்காரர் மட்டும் மேடையின் நடுவில், மற்ற மூவரும் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள், மண்டபத்தில் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்தார்கள், வயோலாக்காரி, நரைத்த முடியை ஒட்ட வெட்டின குள்ளமான அம்மாள், என் வயதுதான் இருக்கும், நடைபாதையில் நேராக என்னை நோக்கி வந்து வலப்பக்க நாற்காலிக்கு அருகில் நின்றுகொண்டாள். என் கைப்பை அவள் இடுப்பை இடித்தது. என்னைப் பார்த்துச் சின்னதாக ஒரு தலையசைப்பு, நானும் அசைத்தேன். கடலில் போனவர்களைக் கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரி எழுதினதாம். முதலில் பின்னாலிருந்து ஒரு வயலின் கூப்பிட்டது, ஒரே ஒரு சுரம், அப்புறம் இடது மூலையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது, செலோ முன்னாலிருந்து முனகியது, நான் இருந்த இடத்திலேயே நாலா பக்கமும் திறந்து வெட்டவெளி மாதிரி ஆகிவிட்டது மண்டபம். பிறகு வயோலா. என் காதுக்கு அவ்வளவு அருகில் வேறொருவர் வயோலாவை நான் கேட்டதே இல்லை. அதுவும் வலது காதில். எப்போதும் என் வயோலா இடது பக்கம்தானே. வில்லில் பூசின ரோசின் பிசினின் வாசனைகூட வந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்லக் கை ஏறிப் போய், ஆள்காட்டி விரல் வலது காதை அழுத்தி மூடிவிட்டது.

வயோலா போய்விட்டது. அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள், வில் போய் வருகிறது, முழங்கை என் தோளுக்கு நேராக அசைகிறது, ஆனால் சத்தம் அவளிடம் இல்லை. எங்கோ இடப்பக்கமிருந்து, இவர் தோளுக்கு அப்பாலிருந்து வருகிறது. செலோவும் அங்கிருந்துதான். பின்னால் கூப்பிட்ட வயலினும் அங்கிருந்துதான். நாலு மூலையும் ஒரே ஜன்னல் வழியாக வந்தன, வெட்டவெளி மூடிக்கொண்டது, எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் யார் எங்கே என்று இல்லை. ஐயோ, இதுதானா, இனிமேல் இதுதானா, தெருவில் ஹார்ன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, பேத்தி பாட்டி என்று கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது, வலப்பக்கம் யாராவது உட்கார்ந்து ஏதாவது சொன்னால், உதடு அசைவது தெரியும், மூச்சு படும், வார்த்தை வராது. எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. வாய்விட்டு இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. விரலை எடுத்தேன். வயோலா பாய்ந்து வந்து தன் இடத்தில் நின்றது, அவள் கையில், என் வலப்பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில். இவர் கை இடப்பக்கமிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது, எப்போது பிடித்தார் என்று தெரியாது. விரலால் காதை மூடினதைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்ததிலிருந்தே ஒன்றும் சொல்லவில்லை, அதை அப்போதுதான் கவனித்தேன். ஒரு சாக்ஸ் இல்லை, ஒரு மாமா இல்லை, தெரியாத வீட்டுக்கு வந்தவர் மாதிரி முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

கைதட்டலில் நாலு பேரும் மேடைக்குத் திரும்பினார்கள். "என்னங்க" என்றேன். "எழுந்து இந்தப் பக்கம் வாங்க." "இல்ல, இருக்கட்டும், எனக்கு இதுவும் சௌகரியமாத்தான்..." "உங்க சௌகரியத்தை யாரு கேட்டா? செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் ஆயுசு பூராவும் அந்தப் பக்கம் உக்காருங்க, நான் வேணாங்கலை. கட்டிலைக்கூட ஜன்னலை இடிச்சுத் திருப்பிப் போடலாம். இன்னைக்கு இங்க வாங்க." எழுந்தார். முன்னாலிருந்த அம்மாள் ஒருத்தி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார், நாற்காலி எப்போதும் போல ஒரு முறை கிறீச்சிட்டது, எனக்கு அந்தச் சத்தம்கூடத் தேவையாக இருந்தது.

ஷூபர்ட். மெதுவாகவே ஆரம்பிக்கிறது, மூச்சுவிடத் தயங்குகிற நிதானத்தில், மாமாகூடத் தொடையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். செலோ தனக்குள்ளேயே ஒன்றை எண்ணி எண்ணிப் போடுகிறது, வலது பக்கம், நான் விரல் வைத்துக் காட்டுவேன், அதற்குப் பக்கத்தில் வயோலா, அப்புறம் இரண்டாம் வயலின், அந்தக் கோடியில் முதல் வயலின், எல்லோரும் அவரவர் இடத்தில். வயலட், கிறிஸ்டபெல், நான், ராபின்சன் அண்ணன். எல்லாவற்றையும் வலது காதால் வாங்கி வாங்கி உள்ளே வைக்கிறேன், அரித்துப் போகப்போகிற இடத்தைப் பிறகு பென்சிலால் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்குமே. இவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஏன் இப்படி? வலப்பக்கம் வந்தும் வாயைத் திறக்கவில்லை. கடைசிக் கச்சேரி, அவள் நிம்மதியாகக் கேட்கட்டும், தொந்தரவு செய்யக்கூடாது என்று முடிவு செய்துகொண்டிருக்கிறார், இவர் புத்தி எனக்குத் தெரியாதா. இத்தனை வருஷம் ஷ்ஷ் ஷ்ஷ் என்று நான் சொன்னதை இன்றைக்குப் பார்த்தா கேட்க வேண்டும்? பேசுங்கள். எதையாவது சொல்லுங்கள். அந்த ஆளின் சாக்ஸைப் பற்றிச் சொல்லுங்கள், விளக்கைப் பற்றிச் சொல்லுங்கள், ஷூபர்ட் கிடக்கிறார், ஷூபர்ட்டை நான் இடது காதில்கூடக் கேட்டுக்கொள்வேன். இசை இன்னும் மெலிந்தது, வில்கள் அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு, மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வெளியே, வலப்பக்கம், தண்டவாளத்தின் மேல் தூரத்திலிருந்து ஒரு ஹார்ன். நீளமாக, கரகரத்து. நான் காத்திருந்தேன். இவர் தலை ஹார்ன் வந்த பக்கம் லேசாகத் திரும்பியது. உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது. மறுபடியும் ஹார்ன். சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் தடக் தடக்கென்று கடக்க ஆரம்பித்தன, இவரால் முடியவில்லை, ரயில்வேக்காரர் அல்லவா, என் பக்கம் சாய்ந்தார், இஞ்சி டீ மூச்சு முதலில் வந்தது, அப்புறம் வார்த்தை.

"கூட்ஸ்."

கொசு சத்தத்தைத் தாண்டி, ஷூபர்ட்டைத் தாண்டி, ஒரு எழுத்துக் குறையாமல் கேட்டது. நான் இவர் பக்கம் காதைச் சாய்த்தேன்.

"கேட்கலை" என்றேன்.

இவர் முகம் ஒரு நொடி பயந்தது. இன்னும் கிட்டே வந்து, கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டு, "கூட்ஸ் வண்டி பியூலா" என்றார். முன்னாலிருந்த அம்மாள் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்து "ஷ்ஷ்" என்றாள்.

"இன்னும் கேட்கலை" என்றேன். "எத்தனை பெட்டின்னு சொல்லுங்க."

பார்த்தார் என்னை. புரிந்துவிட்டது. குவித்த கையை எடுக்காமல், கடந்துபோகிற பெட்டிகளை என் வலது காதுக்குள் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.